இந்தியப் பொருளாதாரம்

இந்தியப் பொருளாதாரம் உலகின் பெரிய பொருளாதாரங்களுள் ஒன்றும், பெரிய நாடுகளின் பொருளாதாரங்களுள் மிக விரைவாக வளர்ந்து வருவனவற்றுள் ஒன்றும் ஆகும். பன்னாட்டு நாணய நிதியத்தின் மதிப்பீட்டின்படி 2024 ஆம் ஆண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 3.9 இலட்சம் கோடி அமெரிக்க டாலர் ஆகும். இதனடிப்படையில் அமெரிக்கா, சீனா, செருமனி, சப்பான் ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாவது இடத்தில் இந்தியா இருந்தது. கொள்வனவு ஆற்றல் சமநிலையைக் கொண்டு கணக்கிடும்போது சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த மூன்றாவது இடத்தை வகிக்கின்றது. ஆனால் இவ்வுற்பத்தியை 140 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 2,700 டாலரே கிடைக்கும். இது உலகச் சராசரியில் ஐந்தில் ஒரு பங்களவு ஆகும். உலக வங்கி இந்தியாவைக் கீழ்-நடுத்தர வருமான நாடாக வகைப்படுத்துகின்றது.

செல்வமடைந்த நாடுகள் பெரும்பாலும் வேளாண்மையிலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து சேவைத்துறைக்கும் படிப்படியாக நகர்ந்தன. இந்தியாவில் இவ்வரிசையின் நடுப்படி குறுகலாகவே உள்ளது. நாட்டின் வருமானத்தில் பாதிக்கு மேல் சேவைத்துறையிலிருந்து வருகின்றது. உழைப்போருள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வேளாண்மையிலேயே உள்ளனர். வேலை ஓரிடத்திலும் வருமானம் வேறோரிடத்திலும் இருக்கும் இந்நிலையே இந்தியப் பொருளாதாரத்தின் முதன்மைச் சிக்கலாகக் கருதப்படுகின்றது.

இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகின்றது. இக்கட்டுரையில் 2023-24 என்பது போலக் குறிக்கப்படுபவை நிதியாண்டுகளாகும்; தொழிலாளர் கணக்கெடுப்புகள் மட்டும் ஜூலை முதல் ஜூன் வரையிலான ஆண்டைக் குறிக்கும்.

வரலாறு

பிரித்தானியர் காலம்

பொருளாதார வரலாற்றாய்வாளர் ஆங்கசு மேடிசனின் மதிப்பீட்டின்படி, கி.பி. 1700 இல் உலக உற்பத்தியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தது. 1950 இல் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 4 விழுக்காடாக இருந்தது. இவ்வீழ்ச்சி முழுவதும் இந்திய உற்பத்தி சுருங்கியதால் ஏற்பட்டதன்று. மேற்கு நாடுகள் இயந்திரத் தொழிலால் பன்மடங்கு வளர்ந்தபோது இந்தியா நின்ற இடத்திலேயே நின்றதும் பெருங்காரணமாகும். இலங்காசயர் ஆலைத்துணியின் வரவால் கைத்தறி நெசவாளர்கள் சந்தையை இழந்தனர். அவர்களுள் பலர் நிலத்தை நாடிச் சென்றனர். இந்தியாவின் செல்வம் பிரித்தானியாவுக்கு வடிந்து செல்வதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் தாதாபாய் நௌரோசி முதன்மையானவர் ஆவார்.

1853 இல் பம்பாய்க்கும் தானேக்கும் இடையே தொடங்கிய தொடர்வண்டிச் சேவை பின்னர் நாடெங்கும் பரவியது. 1907 இல் நிறுவப்பட்ட டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் போன்ற இந்திய முயற்சிகளும் தோன்றின. தூத்துக்குடியில் 1906 இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் போட்டியாலும் அரசின் அடக்குமுறையாலும் நிலைக்க இயலாது போயிற்று. 1943 ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. விடுதலைக்குப் பின் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் (1951) எழுத்தறிவு பெற்றோர் 18 விழுக்காட்டினரே ஆவர்.

திட்டமிட்ட பொருளாதாரம்

1950 மார்ச்சில் திட்டக்குழு அமைக்கப்பட்டு, 1951 இல் முதலாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. பி. சி. மகாலனோபிசு வகுத்த முறையைப் பின்பற்றிய இரண்டாம் திட்டம் (1956-61) எஃகு, இயந்திரம், மின்சாரம் முதலிய கனரகத் தொழில்களுக்கு முன்னுரிமை வழங்கியது. சோவியத் உதவியுடன் பிலாயிலும், மேற்கு செருமனியின் உதவியுடன் ரூர்க்கேலாவிலும், பிரித்தானிய உதவியுடன் துர்க்காபூரிலும் அரசு எஃகு ஆலைகள் எழுந்தன.

தனியார் தொழில்கள் 1951 ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டியிருந்தது. புதிய ஆலை தொடங்குவதற்கும், இருக்கும் ஆலையை விரிவாக்குவதற்கும், புதிய பொருளைச் செய்வதற்கும் தனித்தனியே அரசின் இசைவு தேவைப்பட்டது. உரிமம் பெற்றவருக்குப் போட்டியில்லை, பெறாதவருக்கு வாய்ப்பில்லை. 1967 முதல் சில பொருட்களைச் சிறுதொழில்கள் மட்டுமே செய்யலாம் என ஒதுக்கப்பட்டது. இப்பட்டியல் பின்னர் 800 பொருட்களையும் கடந்து நீண்டது. ஆயத்த ஆடை, பொம்மை, காலணி போன்ற, ஏராளமான ஆட்களுக்கு வேலை தரக்கூடிய தொழில்கள் இதில் அடங்கியிருந்தன. கிழக்காசிய நாடுகள் இதே பொருட்களைப் பெரிய ஆலைகளில் செய்து உலகுக்கு விற்றுக் கொண்டிருந்த காலத்தில், இந்தியாவில் இவற்றைச் செய்வோர் வளர்வதே சட்டத்துக்குப் புறம்பாக இருந்தது. இப்பட்டியலின் கடைசிப் பொருட்கள் 2015 இல்தான் நீக்கப்பட்டன.

1950 முதல் 1980 வரை ஆண்டு வளர்ச்சி சராசரியாக 3.5 விழுக்காட்டளவில் நின்றது. பொருளியலாளர் ராச் கிருசுணா இதனை 'இந்து வளர்ச்சி வீதம்' என எள்ளலாகக் குறிப்பிட்டார். மக்கள்தொகை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் பெருகியமையால் தலைக்குக் கிடைத்த உயர்வு மிகச் சிறிது. எனினும் இக்காலத்தில் உருவான தொழில்நுட்பக் கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் பொதுத்துறை ஆலைகளுமே பின்னாளைய வளர்ச்சிக்கு வேண்டிய பொறியாளர்களை உருவாக்கின என்பதையும் மறுக்க இயலாது. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகளும், 1980 இல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டன.

1991 ஆம் ஆண்டு நெருக்கடி

1980களில் கட்டுப்பாடுகள் ஓரளவு தளர்ந்து வளர்ச்சி கூடியது. ஆனால் அரசின் செலவும் வெளிநாட்டுக் கடனும் அதனுடன் கூடின. 1990 இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியதும் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவிலிருந்த இந்தியர் நாடு திரும்ப நேர்ந்ததால் அவர்கள் அனுப்பி வந்த பணமும் நின்றது. 1991 நடுப்பகுதியில் நாட்டிடம் இருந்த அன்னியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. அரசு 20 டன் தங்கத்தைச் சுவிட்சர்லாந்து வங்கியொன்றிடம் விற்றது. பின்னர் ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டு அடகு வைக்கப்பட்டது. நகையை அடகு வைப்பது குடும்பத்தின் கடைசி நிலை என்று எண்ணும் நாட்டில் இச்செய்தி பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது.

1991 ஜூன் 21 அன்று பதவியேற்ற பி. வி. நரசிம்மராவ் அரசு, ஜூலை 1, 3 ஆகிய நாட்களில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஜூலை 24 அன்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தார். அதே நாளில் வெளியான புதிய தொழிற்கொள்கை, சில தொழில்கள் தவிர ஏனையவற்றுக்கு உரிம முறையை நீக்கியது. வணிக அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் ஏற்றுமதி இறக்குமதி விதிகளைத் தளர்த்தினார். அடுத்து வந்த அரசுகள் வெவ்வேறு கட்சிகளைச் சார்ந்தவையாக இருந்தும், இப்பாதையின் திசையை எவையும் மாற்றவில்லை.

1991 க்குப் பின்

இறக்குமதித் தீர்வைகள் படிப்படியாகக் குறைந்தன. தொலைபேசி, வானூர்தி, வங்கி, காப்புறுதி ஆகிய துறைகளில் தனியார் நுழைந்தனர். 2003 முதல் 2008 வரை பொருளாதாரம் முன்னெப்போதும் இல்லாத விரைவில் வளர்ந்தது. 2015 ஜனவரியில் திட்டக்குழுவின் இடத்தை நிதி ஆயோக் பெற்றது. பன்னிரண்டாம் திட்டமே (2012-17) இறுதி ஐந்தாண்டுத் திட்டமாயிற்று.

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் இவை 86 விழுக்காடு ஆகும். கணக்கில் வராத பணம் வங்கிக்குத் திரும்பாது என்பது எதிர்பார்ப்பாக இருந்தது. ஆனால் அத்தாள்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018 இல் அறிவித்தது. ரொக்கத்தையே நம்பியிருந்த சிறுதொழில்களும் அன்றாடக் கூலிகளும் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

கோவிட் பெருந்தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் முடக்கம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல்-ஜூன் காலாண்டில் உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டை விட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2021-22 முதல் வளர்ச்சி மீண்டது; 2011-12 விலையடிப்படையில் 2024-25 ஆம் ஆண்டின் வளர்ச்சி 6.5 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது.

வேளாண்மை

1960களின் நடுப்பகுதியில் இந்தியா அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையை நம்பி வாழ்ந்தது. 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து மழை பொய்த்தது. அப்போது உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியமும், அறிவியலாளர் எம். எசு. சுவாமிநாதனும், அமெரிக்க அறிவியலாளர் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை வகைகளைக் கொண்டுவர முனைந்தனர். 1966 இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை இறக்கப்பட்டது. 1964-65 இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1969-70 இல் 2 கோடி டன்னாயிற்று. விளைந்ததை அரசே குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்கிச் சேமிக்க இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் அமைக்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. 1950-51 இல் 5 கோடி டன்னாக இருந்த உணவுதானிய உற்பத்தி 2023-24 இல் 33 கோடி டன்னைக் கடந்தது.

பசுமைப் புரட்சி பஞ்சத்தை அகற்றியது. உழவரின் வறுமையை அந்த அளவுக்கு அகற்றவில்லை. நிலம் தலைமுறைதோறும் பாகம் பிரிக்கப்பட்டதால் ஒரு பண்ணையின் சராசரி அளவு 1970-71 இல் 2.28 எக்டேராக இருந்து 2015-16 இல் 1.08 எக்டேராகக் குறைந்தது. பண்ணைகளுள் 86 விழுக்காடு 2 எக்டேருக்கும் குறைவானவை. பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லுக்கும் கோதுமைக்கும் உறுதியான விலை கிடைத்தமையாலும், பாசன மின்சாரத்துக்குச் சலுகை அளிக்கப்பட்டமையாலும், அவ்விரு பயிர்களே மீண்டும் மீண்டும் பயிரிடப்பட்டு நிலத்தடி நீர் ஆழத்துக்குச் சென்றுவிட்டது. 2020 இல் நடுவண் அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்கள் இந்த ஆதரவு விலை ஏற்பாட்டைக் குலைத்துவிடும் என அஞ்சிய உழவர்கள் தில்லியின் எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் போராடினர். 2021 நவம்பரில் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

தொழிற்துறை

சரக்கு உற்பத்தித் தொழில்களின் பங்கு, மொத்த உற்பத்தியில் நெடுங்காலமாக ஆறில் ஒரு பங்கையொட்டியே உள்ளது. இதனை 2022 ஆம் ஆண்டுக்குள் 25 விழுக்காடாக உயர்த்துவதாக இலக்கு வைக்கப்பட்டிருந்தது. 2014 செப்டம்பரில் தொடங்கிய 'இந்தியாவில் தயாரிப்போம்' திட்டமும் அவ்விலக்கை முன்வைத்தது. இலக்கு எட்டப்படவில்லை. 2020 முதல், உற்பத்தி கூடுவதற்கேற்ப நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் செயற்படுத்தப்பட்டது. இதில் நன்கு பலன் தெரிந்தது கைபேசித் தொழிலில் ஆகும்: 2024-25 இல் திறன்பேசி ஏற்றுமதி 2,400 கோடி டாலரை எட்டியது. சென்னைக்கு அருகிலுள்ள திருப்பெரும்புதூர்ப் பகுதி இத்தொழிலின் முக்கிய இடங்களுள் ஒன்று. ஆலைகளின் எண்ணிக்கையிலும் ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கையிலும் மாநிலங்களுள் தமிழ்நாடு முதலிடம் வகிக்கின்றது.

பெரிய ஆலைகள் பெருகாமைக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. நிலம் பெறுவதிலுள்ள தாமதம், மின்சாரத்தின் விலை, துறைமுகங்களில் ஏற்படும் காலதாமதம் என்பன அவற்றுட் சில. 100 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன்னனுமதி வேண்டும் என்ற, 1982 இல் திருத்தப்பட்ட விதி, ஆலைகளைச் சிறியனவாகவே வைத்திருக்கத் தூண்டியதென ஒரு சாராரும், ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தி முதலாளிகள் அவ்விதியை எளிதில் தாண்டிவிட்டனர் என மறுசாராரும் கூறுவர். 29 நடுவண் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கிய புதிய சட்டங்கள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது இவ்வெல்லை 300 பேராக உயர்ந்தது.

மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து பெறப்படுகின்றது. 2024-25 இல் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைக் கடந்தது. அதே காலத்தில் சூரிய மின் நிறுவுதிறனும் 100 கிகாவாட்டை எட்டியது (2025 ஜனவரி). கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியாகும்.

சேவைத்துறை

தகவல் தொழில்நுட்பமே இத்துறையின் அறியப்பட்ட முகம். டாட்டா கன்சல்டன்சி 1968 இலும், இன்போசிசு 1981 இலும் தொடங்கப்பட்டன. 1985 இல் டெக்சாசு இன்ஸ்ட்ருமென்ட்சு நிறுவனம் பெங்களூரில் தன் மையத்தை அமைத்தது. கணினிகளில் 2000 ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கும் பணி இந்திய நிறுவனங்களுக்கு மேற்கு நாடுகளின் கதவைத் திறந்துவிட்டது. மென்பொருளுக்குத் துறைமுகமோ நெடுஞ்சாலையோ தொழில் உரிமமோ தேவைப்படாமையும் இதன் வளர்ச்சிக்கு உதவியது என்பர். இத்துறையில் 2023-24 இல் ஏறத்தாழ 54 இலட்சம் பேர் பணிபுரிந்தனர். நாட்டின் உழைப்பாளர் தொகையோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒருவரளவே ஆகும்.

சேவைத்துறை என்பது மென்பொருள் மட்டுமன்று. தெருவோரக் கடைக்காரர், தானிக்காரர், வீட்டு வேலை செய்யும் பெண், உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் இளைஞர் ஆகியோரும் இக்கணக்கிலேயே அடங்குவர்; எண்ணிக்கையில் அவர்களே மிகுதி.

தொழிலாளரும் வேலைவாய்ப்பும்

அரசின் தொழிலாளர் படைக் கணக்கெடுப்பின்படி, 2018-19 இல் உழைப்போருள் 42.5 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் நகரத் தொழிலாளர் ஊர் திரும்பியதால் இது உயர்ந்தது. வளரும் நாடொன்றில் தொழிலாளர் மீண்டும் நிலத்துக்குத் திரும்புவது அரிது. தற்காலிகமானது எனக் கருதப்பட்ட இவ்வுயர்வு, தொற்று நீங்கிய பின்னும் இறங்கவில்லை: 2023-24 இல் இது 46.1 விழுக்காடாக இருந்தது. வேளாண்மையின் பங்கோ நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடே. ஆலைத்தொழிலும் கைத்தொழிலும் சேர்ந்து 11.4 விழுக்காட்டினருக்கே வேலை தந்தன.

பெண்கள் தொடர்பான எண்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் உழைப்பில் ஈடுபடுவோர் 2017-18 இல் 23.3 விழுக்காட்டினர்; 2023-24 இல் 41.7 விழுக்காட்டினர். ஆறே ஆண்டுகளில் இது பெரும் ஏற்றம். ஆனால் புதிதாகச் சேர்ந்தோருள் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தினர். அவர்களுள் பலர் குடும்ப நிலத்திலோ கடையிலோ ஊதியமின்றி உதவுவோர் ஆவர். இதனை முன்னேற்றமாகக் கொள்வதா, வீட்டு வருமானம் போதாமையின் அடையாளமாகக் கொள்வதா என்பதில் பொருளியலாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது.

வேலையின்மை வீதம் 2017-18 இல் 6.1 விழுக்காடாகவும் 2023-24 இல் 3.2 விழுக்காடாகவும் பதிவாகியது. இந்த எண் சிறிதாகத் தோன்றுவதற்குக் காரணம், ஏழைகளால் வேலையின்றி இருக்க இயலாது என்பதே. கிடைத்த வேலையைச் செய்பவர் வேலையுள்ளவராகவே எண்ணப்படுவார். வேலைக்காகக் காத்திருக்க இயன்றவர் படித்தவரே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022 இல் இளம் பட்டதாரிகளுள் 29 விழுக்காட்டினர் வேலையின்றி இருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞருள் இது 3.4 விழுக்காடு மட்டுமே. அரசுப் பணியிடங்கள் சிலவற்றுக்கு இலட்சக்கணக்கானோர் விண்ணப்பிப்பதும், போட்டித் தேர்வுப் பயிற்சியே ஒரு தொழிலாக வளர்ந்திருப்பதும் இதன் விளைவுகளாகும்.

தொழிலாளருள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் எழுத்து வடிவிலான ஒப்பந்தமோ, ஓய்வூதியமோ, பணிப் பாதுகாப்போ இன்றி வேலை செய்கின்றனர். 2020 முடக்கத்தின்போது இலட்சக்கணக்கான புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகள் வழியே நடந்து ஊர் சென்றபோதே, அவர்களின் எண்ணிக்கை எவ்வளவு என்பதற்கு அரசிடம் பட்டியல் ஏதுமில்லை என்பது வெளிப்பட்டது. ஊர் திரும்பியோருக்குத் துணையாக இருந்தது 2005 ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமாகும். நாட்டுப்புறக் குடும்பமொன்றுக்கு ஆண்டில் 100 நாள் கூலி வேலையை உரிமையாக்கிய அச்சட்டத்தின்கீழ் 2020-21 இல் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் வேலை பெற்றன.

மாநிலங்களுக்கிடையிலான வேறுபாடு

பீகாரின் தலைவருமானம் நாட்டின் சராசரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தெலுங்கானா, கருநாடகம், தமிழ்நாடு, கேரளம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய ஐந்து தென் மாநிலங்களும் சராசரிக்கு மேல் உள்ளன. 2023-24 இல் இவை சேர்ந்து நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை அளித்தன. தனி மாநிலங்களுள் மகாராட்டிரத்தின் உற்பத்தியே மிகப் பெரிது. 1960-61 இல் சராசரிக்கு மேலிருந்த மேற்கு வங்காளம் இப்போது சராசரிக்குக் கீழ் உள்ளது.

கிழக்கு மாநிலங்கள் பின்தங்கியமைக்கு 1952 முதல் 1993 வரை நிலவிய சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையும் ஒரு காரணமாகும். இதன்படி நிலக்கரியும் எஃகும் நாட்டின் எப்பகுதிக்கும் ஏறத்தாழ ஒரே விலையில் சென்றன. எடுத்துச் செல்லும் செலவை அரசு ஈடுகட்டியது. சுரங்கத்துக்கு அருகிலேயே ஆலை அமைக்கும் தேவை இதனால் இல்லாது போயிற்று. கனிவளம் மிக்க பீகாரும் ஒரிசாவும் கனிமத்தைக் கொடுத்தன. ஆலைகள் மேற்கிலும் தெற்கிலும் எழுந்தன. அதே மாநிலங்களின் இளைஞர் இன்று திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டடப் பணிகளிலும் வேலை செய்வதைக் காணலாம்.

நடுவண் வரியைப் பகிர்வதில் இவ்வேறுபாடு அரசியல் பூசலாக மாறியுள்ளது. 15 ஆவது நிதிக்குழு, 1971 க்கு மாறாக 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டது. 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பங்கில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.9 விழுக்காடும், பீகாருக்கு 10.1 விழுக்காடும், தமிழ்நாட்டுக்கு 4.1 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. குடும்பக் கட்டுப்பாட்டை நன்கு செயற்படுத்திய மாநிலங்கள் அதற்காகவே தண்டிக்கப்படுகின்றன எனத் தென் மாநிலங்கள் கூறுகின்றன. வறிய மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதே பகிர்வின் நோக்கம் என்பது மறுதரப்பின் வாதம்.

வெளிநாட்டு வணிகம்

2023-24 இல் சரக்கு ஏற்றுமதி ஏறத்தாழ 43,700 கோடி டாலர். சரக்கு இறக்குமதி ஏறத்தாழ 67,800 கோடி டாலர். இப்பள்ளத்தில் பெரும்பகுதியை இரண்டு வரவுகள் நிரப்புகின்றன. ஒன்று, 34,100 கோடி டாலர் மதிப்புள்ள சேவை ஏற்றுமதி. மற்றொன்று, வெளிநாடு வாழ் இந்தியர் அனுப்பும் பணம். இவ்வகையில் இந்தியா உலகில் முதலிடம் வகிக்கின்றது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024 இல் இது ஏறத்தாழ 12,900 கோடி டாலர் ஆகும்.

2019 நவம்பரில், சீனா உள்ளிட்ட நாடுகளின் ஆசிய வட்டார வணிக உடன்பாட்டில் சேர இந்தியா மறுத்துவிட்டது. 2025 ஆகத்து 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆடை, இறால், வைர நகை ஆகிய, ஆட்கள் மிகுதியாகத் தேவைப்படும் தொழில்கள் முதலில் அடிபட்டன.

அன்னியச் செலாவணி இருப்பு 2024 செப்டம்பரில் 70,000 கோடி டாலரைக் கடந்தது. 2023-24 இல் ரிசர்வ் வங்கி இங்கிலாந்தில் வைத்திருந்த தன் தங்கத்தில் 100 டன்னை நாட்டுக்குக் கொண்டுவந்தது.

நாணயமும் வரியும்

இந்தியாவின் நாணயம் ரூபாய் ஆகும். இதனை வெளியிடும் இந்திய ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டு 1949 இல் நாட்டுடைமையாயிற்று. ரூபாய்க்கான குறியீட்டை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். அது 2010 ஜூலையில் ஏற்கப்பட்டது. 2016 முதல் நுகர்வோர் விலையேற்றத்தை 4 விழுக்காட்டையொட்டி (2 விழுக்காடு கூடவோ குறையவோ) வைத்திருக்கும் பொறுப்பு ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி அளிக்கப்பட்டுள்ளது.

2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, நடுவண் அரசும் மாநிலங்களும் விதித்துவந்த பல வரிகளை ஒன்றாக்கியது. 2025 செப்டம்பரில் இதன் படிநிலைகள் குறைக்கப்பட்டு 5, 18 ஆகியன முதன்மை வீதங்களாக்கப்பட்டன. கைபேசி வழியே பணம் அனுப்பும் யூபிஐ முறை 2016 இல் அறிமுகமானது; 2023 ஆகத்து மாதத்தில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தது.

வறுமையும் புள்ளிவிவரங்களும்

திட்டக்குழுவின் டெண்டுல்கர் முறைப்படி வறியோர் 2004-05 இல் 37.2 விழுக்காட்டினர், 2011-12 இல் 21.9 விழுக்காட்டினர். உலக வங்கி 2025 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நாளொன்றுக்கு 3 டாலர் என்னும் கோட்டுக்குக் கீழ் வாழ்வோர் 2011-12 இல் 27.1 விழுக்காட்டினராகவும் 2022-23 இல் 5.3 விழுக்காட்டினராகவும் இருந்தனர். வறுமை பெரிதும் குறைந்துள்ளது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு குறைந்தது என்பதிலேயே வாதம் உள்ளது. 2017-18 இல் எடுக்கப்பட்ட நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளைத் தரக்குறைவு காரணமாக வெளியிடுவதில்லை என அரசு 2019 இல் அறிவித்தது. அடுத்த கணக்கெடுப்பு (2022-23) வேறு முறையில் எடுக்கப்பட்டமையால் பழைய எண்களோடு அதனை நேரே ஒப்பிட இயலாது.

2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுப்புற மக்களுள் 75 விழுக்காட்டினரையும் நகர மக்களுள் 50 விழுக்காட்டினரையும் உள்ளடக்குகின்றது. 2023 ஜனவரி முதல் இவர்களுக்கு மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ தானியம் விலையின்றி வழங்கப்படுகின்றது. பயன்பெறத் தக்கோர் ஏறத்தாழ 81 கோடிப் பேர் என்னும் கணக்கு, 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகையைக் கொண்டு செய்யப்பட்டதாகும். 2021 இல் எடுக்கப்பட வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போடப்பட்டது. 2027 மார்ச் 1 ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூனில் வெளியானது. அதன் எண்கள் வரும் வரை, 2011 க்குப் பின் பெருகிய மக்களுக்கேற்ப இந்த 81 கோடி என்னும் எல்லை உயராது.